விருப்பத்திற்கிணங்க

எங்கள் பக்கத்தில் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் அவர் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார். வயிறு ஒட்டிக் கிடந்தாலும் சொல்வார். "இப்பத்தானுங்க உண்டுபோட்டு வந்தேன்" என்பார். கூப்பிட்டவர் விடமாட்டார். "அதெல்லாம் ஆவாதுங்க, ஒரு வாய் உண்டுபோட்டுத்தான் போகோணும்" என்பார். இவர் மறுபடியும் வேண்டாம் என்பார். மூன்றாம் தரம் கையைப் பிடித்து இழுத்தால்தான் இலையில் உட்காருவார். முதல் தரமே சரி என்று உட்கார்ந்துவிட்டால் காணாததைக் கண்டவன் என்று பேராகிவிடும். முதலில் சொன்ன வேண்டாம் என்பதை நம்பிக் கூப்பிட்டவர் சும்மா இருந்துவிட்டாலோ, அந்த வீட்டுப் பக்கம் அப்புறம் எவனும் தலைவைத்துப் படுக்கமாட்டான். இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. நடக்கப் பழகுவது மாதிரி இதுவும் தானாக வந்துவிடும்.

எழுபதுகளின் கடைசியில், புதுச்சத்திரம் தாண்டி மெயின்ரோட்டை ஒட்டி இருந்த ஒரு மோட்டார் கம்பெனியில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கிணறெல்லாம் வற்றி, ஊருக்கு ஊர் போர் போட ஆரம்பித்திருந்த காலம். போர்க்குழிக்குள் இறக்கும் மோட்டாரையும் அதற்கான ஸ்டார்ட்டர் பெட்டியையும் நாங்கள் செய்தோம். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு அதைவிடப் பெரிய டெக்னாலஜி கிடையாது. மீட்டர்களும் சோதனை மேஜைகளும் வைத்திருந்த ஹாலைப் பார்க்க ஆட்டையாம்பட்டியிலிருந்தெல்லாம் உறம்பரை என்று சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

பெரிய முதலாளி எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுத்து மேலே வந்தவர். படிப்பு கிடையாது. ஆனால் கேட்கத் தெரிந்தவர். மத்தியானம் கேன்டீனுக்குள் நுழைந்தால் சோத்துக் கரண்டியை அவரே வாங்கிக்கொள்வார். "போதுமுங்க" என்று இலைமேல் ஒரு கையைக் குறுக்கே காட்டினால் இன்னும் ஒரு கரண்டி போடலாம் என்று அவருக்குத் தெரியும். இரண்டு கையையும் கவிழ்த்து, உடம்பையே இலைக்கு மறைப்பாகக் கொடுத்தால்தான் நகர்வார். கேன்டீன் சோறு இலவசம். நாமக்கல்லிலிருந்து ஒரு வேன், ராசிபுரத்திலிருந்து ஒரு வேன். மாரியம்மன் நோம்பிக்கு மூன்று நாள் சம்பளத்தோடு லீவு. இதெல்லாம் எந்தக் காகிதத்திலும் கிடையாது. அவர் கேட்டார், நாங்கள் வேண்டாம் என்றோம், அவர் கொடுத்தார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

என் கூட்டாளி அங்கே வைண்டர். மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றி இறக்குகிற வேலை. அவன் சுற்றிய மோட்டார் கோளாறென்று திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. நானும் அவனும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். என்னை "மாப்ள" என்றுதான் கூப்பிடுவான், ஆபீசுக்குள்கூட. அவனுக்கு ஒரே மகள். ஒன்பது வயதில் அந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. பெரியவர்களுக்கு வருவது மாதிரி மாத்திரை, பத்தியம் என்று தள்ளுகிற சர்க்கரை இல்லை. தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். போடாவிட்டால் பிள்ளை தங்காது என்று சேலத்து டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மருந்து சேலத்தில் ஒரே ஒரு கடையில், மாதத்துக்கு ஒருதரம்தான் வரும். வந்த அன்றைக்கே மாதத்துக்கானதை மொத்தமாக வாங்கிவிட வேண்டும். அதைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். எங்கள் வெயிலுக்குக் குளிர்ச்சியை எங்கே போய்த் தேடுவது? ஊரில் பாதி வீட்டில் கரண்டே கிடையாது. ஈரத்துண்டில் புட்டிகளைச் சுற்றி வைத்துக்கொண்டு அவன் கம்பெனியில் உட்கார்ந்திருந்ததைப் பெரிய முதலாளி ஒருநாள் பார்த்துவிட்டார். "என்றா அது?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்றான். இரண்டாம் தரம் கேட்டார். அதற்கும் ஒன்றுமில்லை என்றான். மூன்றாம் தரம் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன சாமி, எங்கிட்டச் சொல்லமாட்டயா?" என்றார். அப்புறம்தான் சொன்னான். அன்றைக்கே கேன்டீன் சமையல்காரரைக் கூப்பிட்டு, "பிரிட்ஜுல மேல்தட்டு இவன்ற புள்ளைக்கு. தயிரு கியிரு ஒண்ணும் வெக்கப்படாது" என்று உத்தரவு போட்டுவிட்டார். கம்பெனியில் ஜெனரேட்டர் இருந்ததால் கரண்ட் போனாலும் கவலையில்லை. வாரத்துக்கு ஒரு புட்டியை ஈரமண் நிரப்பிய கலயத்தில் வைத்து அவன் வீட்டுக்கு எடுத்துப் போவான். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்த மேல்தட்டினால்தான் போய்க்கொண்டிருந்தாள்.

எண்பதுகள் பிறந்து ஒன்றிரண்டு வருடத்தில் பெரிய முதலாளிக்குக் கைகால் இழுத்துக்கொண்டது. மகன் வந்து உட்கார்ந்தார். மகன் ஒரு மேனேஜரைக் கொண்டுவந்து வைத்தார். பம்பாயில் வளர்ந்த தமிழர். வெள்ளைச் சட்டை, நல்ல மனுஷன். இதை நான் சொல்லியாக வேண்டும். கெட்டவனாக இருந்திருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வைதுவிட்டுப் போயிருக்கலாம். அவர் யாரையும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. எல்லாரையும் மிஸ்டர் போட்டார். துடைப்பம் பிடிக்கிற கிழவரைக்கூட மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டதில், அவர் வேலைபோய்விட்டது என்று நினைத்து அழுதேவிட்டார்.

செலவைக் குறைக்க வேண்டும் என்று மகன் சொல்லியிருப்பார் போல. மேனேஜர் அதை ஒரே வெட்டாக வெட்டவில்லை. தொழிலாளர்களைக் கேட்டுத்தான் செய்வேன் என்றார். நாமக்கல்லில் அச்சடித்து ஒரு தாள் வந்தது. தலைப்பு ‘தொழிலாளர் கருத்து’. கேன்டீன், வேன், பண்டிகை விடுமுறை என்று மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம். வேண்டும், வேண்டாம். ஒவ்வொருத்தராக ரூமுக்குக் கூப்பிட்டு அவரே கேட்பார்.

"இவங்க பேசறது பாதி எனக்குப் பிடிபடலை. நீங்க பக்கத்துல உட்கார்ந்து டிக் போடுங்க, மிஸ்டர்" என்று என்னைக் கூப்பிட்டார். ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டார். என் பெயருக்குப் பின்னால் அசிஸ்டென்ட் என்று ஒரு வார்த்தை சேரப்போகிறது என்பதையும் காதில் போட்டுவைத்திருந்தார். சித்திரைக்கு முந்திய வெயில். அந்த ஃபேன் காற்று எப்படி இருந்தது என்பது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தூ!

முதலில் வந்தது கிழட்டு ஃபிட்டர் ஒருவர். "உங்களுக்கு வேன் அவசியம்தானா?" என்று மேனேஜர் கேட்டார். "எங்களுக்கு எதுக்குங்க வேனு? நடந்து பழகுன காலுங்க" என்றார் அவர். கேன்டீன்? "ஊட்டுல பழையது இருக்குதுங்களே, அது போதுமுங்க." நோம்பி லீவு? "வேலையிருந்தா நோம்பி கெடக்குதுங்க, அதுக்கென்ன." மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மூன்று வேண்டாம் போட்டேன். அவருக்கு ஏழு மைல் தொலைவில் வீடு. முட்டி வாதம் வேறு.

அப்படியே வரிசையாக வந்தார்கள். லேத்துக்காரர் வந்தார், பெயின்ட் அடிக்கிறவர் வந்தார், பேக்கிங்கில் இருந்த இரண்டு அக்காமார் சேர்ந்தே வந்து, முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நீங்களாப் பாத்துச் செஞ்சாச் சரிதானுங்க" என்றார்கள். அதற்கு எந்தக் கட்டம்? மேனேஜர் யோசித்து, "அப்போ கட்டாயம் இல்லைன்னு அர்த்தம்" என்றார். வேண்டாம் போட்டேன். ஒருத்தர்கூட வேண்டும் என்று சொல்லவில்லை. மேனேஜரின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. "எவ்வளவு எளிமையான ஜனங்க! பம்பாயில இப்படிக் கேட்டிருந்தா இந்நேரம் கண்ணாடி உடைஞ்சிருக்கும்" என்றார். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

மத்தியானத்துக்கு மேல் என் கூட்டாளி வந்தான். கையில் வார்னிஷ் கறை. என்னை நாற்காலியில் பார்த்ததும் கண்ணால் சிரித்தான். பெரிய ஆளாயிட்டயே மாப்ள என்று அர்த்தம். மேனேஜர் முதலில் கேன்டீனைக் கேட்டார்.

"கம்பெனிக்குச் செரமம்னா வேண்டாமுங்க சார். நாங்க ஊட்டுச் சோறு கொண்டாந்துக்கறமுங்க" என்றான்.

சொல்லிவிட்டு நின்றான். மற்றவர்கள் எல்லாரும் பதில் சொன்னதும் காலை மாற்றி வைத்து அடுத்த கேள்விக்குத் தயாரானார்கள். இவன் நின்றான். இரண்டாம் தரம் கேட்பார் என்று நின்றான். மறுபடி ஒருதரம் வேண்டாம் என்பான். மூன்றாம் தரம் கேட்டால் மேல்தட்டு விஷயத்தைச் சொல்லுவான். அவன் நெஞ்சுக்குள் வரிசை வைத்திருந்தது எனக்குக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி தெரிந்தது. மேனேஜர் பேனாவைத் தட்டிக்கொண்டு, "வேண்டாம். சரிதானே?" என்று என்னைக் கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

"ஆமாங்க சார்" என்றேன்.

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். கல்யாணப் பந்தலில், டீக்கடையில், பஸ்ஸில் கண்டக்டரிடத்தில் எங்கேயும் அடங்காத வாய். அன்றைக்கு மட்டும் அது எந்த ஊருக்குப் போயிருந்ததோ! வேண்டாம் கட்டத்தில் டிக் போட்டேன். அவன் என்னைப் பார்த்தான். நான் தாளைப் பார்த்தேன். மேனேஜர் வேன் பற்றிய கேள்விக்குப் போய்விட்டார். அவன் அதற்கு என்ன சொன்னான் என்பது எனக்குக் காதில் விழவில்லை.

பத்து நாளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நான்தான் தமிழில் எழுதினேன். ‘தொழிலாளர்களின் விருப்பத்திற்கிணங்க இம்மாத இறுதியுடன் கேன்டீன் மூடப்படுகிறது.’ நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் ஆளுக்கொரு முகமாக நின்றார்கள். கிழட்டு ஃபிட்டர் அந்தச் சொல்லைத் தடவிப் பார்த்து, "இணங்கன்னா என்றா சாமி?" என்று கேட்டார். "நீங்க ஆசைப்பட்ட மாதிரியே செஞ்சிருக்குதுங்க" என்றேன். "நாம எப்ப ஆசப்பட்டம்?" என்றார். "அவரு மறுக்காக் கேப்பாருன்னுல்ல பாத்தம்!" என்று லேத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாம் தரம் கேட்பார் என்றுதான் அங்கே நின்ற எல்லாரும் எதிர்பார்த்திருந்தார்கள். ஒரே மாதிரி ஏமாந்திருக்கிறோம் என்று தெரிந்ததில் சிலருக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஏதோ உறம்பரை வீட்டில் பட்டினியாகத் திரும்பிவந்த கதை மாதிரி சிரித்தார்கள்.

என் கூட்டாளி சிரிக்கவில்லை. என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "மாப்ள, சாருகிட்ட ஒரு வார்த்த சொல்லுடா. சோறு போனாப் போவுது. பிரிட்ஜ மட்டும் எங்காச்சும் ஒரு மூலைல விட்டா போதும்" என்றான். சொல்கிறேன் என்றேன். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அசிஸ்டென்ட் ஆர்டர் கையெழுத்தாகாமல் மேஜைமேல் கிடந்தது, அதுதான் காரணம். வேறு சாக்குச் சொல்ல மாட்டேன். கையெழுத்தான பிறகு போய்ச் சொன்னேன்.

மேனேஜர் நிஜமாகவே திகைத்தார். "ஆனா அவரே வேண்டாம்னு சொன்னாரே? நீங்கதானே டிக் போட்டீங்க? பிரிட்ஜை சேலம் கெஸ்ட் ஹவுசுக்கு அனுப்பிட்டோமே" என்றார். அப்புறம், "எழுத்துல ஒரு மனு கொடுக்கச் சொல்லுங்க. பார்க்கலாம்" என்றார்.

மனுவையும் நான்தான் எழுதினேன். ‘என் மகளின் மருந்துக்காகக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும்’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அவன் கூசிப்போனான். "வேணும்னா போடறது? அதட்டற மாதிரி இருக்குதேடா. கெடச்சா நல்லதுன்னு போடு" என்றான். பிள்ளையின் உயிரைக் கேட்பதற்குக்கூட அவனுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனையே இரண்டு வைதேன். யார்மேல் ஆத்திரமோ, யாரை வைகிறோமோ! கடைசியில் அவன் சொன்னபடியே கிடைத்தால் நல்லது என்று எழுதிக் கொடுத்தேன். கிடைத்தால் நல்லது என்ற மனு எந்தத் தட்டில் போய் உட்காரும் என்று ஆபீசில் இருந்தவர்களுக்குத் தெரியும். அது அங்கேயே உட்கார்ந்திருந்தது.

அந்தக் கோடையில் நாமக்கல்லில் சோடா, கலர் விற்கிற கடை ஒன்றில் கேட்டு அங்கிருந்த பிரிட்ஜில் புட்டிகளை வைத்தான். பகலெல்லாம் கரண்ட் இல்லை. எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் மண்கலயத்தில் வைத்தான். கிணற்றடியில் குழி தோண்டிப் புதைத்தான். மருந்து கெட்டுப்போவது கண்ணுக்குத் தெரியாது. நல்ல மருந்து மாதிரியேதான் புட்டிக்குள் இருக்கும். ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள், பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ஒருநாள் காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. மூச்சு மட்டும் இரைத்துக்கொண்டிருந்தது. ரோட்டில் போன முட்டை லாரியை மறித்துச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முந்தி என்றால் கம்பெனி வேன் போயிருக்கும். அதுவும் எங்கள் விருப்பத்திற்கிணங்க நின்றுபோயிருந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், கண்பார்வை மங்கிவிட்டது, பள்ளிக்கூடம் நின்றது. ஆனால் பிழைத்துக்கொண்டாள். நான் ஒரே ஒருதரம் போய்ப் பார்த்தேன். அவன் அப்போது அங்கே இல்லை, மருந்து வாங்கப் போயிருந்தான் என்றார்கள். அவன் வருகிறவரைக்கும் நான் காத்திருக்கவில்லை. அதற்கப்புறம் அவன் கம்பெனிக்கே வரவில்லை. ராஜினாமாக் கடிதம் எல்லாம் கிடையாது. வரவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் பாடம் படித்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் முழுக்க எதற்கெடுத்தாலும் வேணும், வேணும் என்றே கத்தினார்கள். டீ வேணும், லீவு வேணும், அட்வான்ஸ் வேணும். பேக்கிங் அக்காமார்கூட இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினார்கள். ஆனால் மேனேஜர் அதற்கப்புறம் தாள் எதுவும் அச்சடிக்கவில்லை. கேட்கிற வழக்கமே நின்றுபோயிற்று. வந்த பழக்கம் கம்பெனியோடும் நிற்கவில்லை. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் ஒருத்தர் பரிமாறுகிறவனைப் பார்த்து "வேணும்னுதானே சொல்றேன், போடு" என்று அதட்டியதை என் காதால் கேட்டேன். போட்டவனும் ஒருதரம்தான் போட்டான்.

என் கூட்டாளி போன பிறகு மோட்டார்கள் எரிந்து எரிந்து திரும்பி வந்தன. மோகனூர்ப் பக்கம் கரும்புக்காட்டுக்காரர்கள் மாட்டுவண்டியில் மோட்டாரைக் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் போட்டுவிட்டுச் சண்டை பிடித்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அவரைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க. பிரிட்ஜ் புதுசாவே வாங்கித் தந்துடறேன். நீங்க அவரோட நண்பர்தானே?" என்றார். நண்பர் என்றதும் எனக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

அவனைச் சேலத்தில் கண்டுபிடித்தேன். மருந்து வாங்கிக்கொண்டிருந்த அந்தக் கடையிலேயே முதலாளி பாய் அவனுக்குச் சரக்கு இறக்கி அடுக்குகிற வேலை கொடுத்திருந்தார். கம்பி சுற்றிய கையில் அட்டைப்பெட்டி. பாயின் பிரிட்ஜில்தான் இப்போது பிள்ளையின் மருந்து இருந்தது. என்னைப் பார்த்ததும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"வாங்க. எப்ப வந்தீங்க? ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்கறாங்களா?" என்றான்.

வேற்றாளிடம் பேசுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லிலும் ங்க போட்டான். மாப்ள இல்லை. அதற்கு ஒரு அறை கொடுத்திருக்கலாம். எதிர்க்கடையில் டீ வாங்கிக் கொடுத்தான். நான் கம்பெனி விஷயத்தைச் சொன்னேன். மோட்டார்கள் எரிவதைச் சொன்னேன். புது பிரிட்ஜைச் சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டான். மேனேஜரை வைய ஆரம்பித்தேன். மண் தெரியாதவன், மனுஷன் தெரியாதவன், நம் ஆட்களின் பேச்சில் ஒரு எழுத்துப் புரியாதவன், அவனால்தான் உன் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று கொட்டித் தீர்த்தேன். நல்ல வாய் அன்றைக்கு வந்திருந்தது.

அவன் முழுக்கக் கேட்டான். டீ கிளாசைக் கழுவிக் கடைக்காரரிடம் கொடுத்தான்.

"அவரை எதுக்குங்க வையறீங்க? அவரு பம்பாய்க்காரரு. அவுங்க ஊருல வேண்டாம்னா வேண்டாம்தானுங்க. அவரு மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க" என்றான். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்தான்.

"நீங்க நம்மூருதானுங்களே?"